பலெர்மோ: ஒரு தீவு நகரமும் அதன் பெருமக்களும்

வடக்கு தெற்கு ரயில் பாதையில் உட்லண்ட்ஸைத் தாண்டினால் அட்மிரல்டி நிலையம் வரும். நம் உறுப்பினர் குடும்பங்கள் பல அந்தப் பக்கம் குடியிருக்கின்றன. செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் இருந்த காலத்தில் ஏற்பட்ட பெயர் அது. அட்மிரல் என்றால் கடற்படைத் தலைவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தச் சொல்லுக்குள் இருப்பது நாம் நன்கறிந்த 'அமீர்' என்ற அரபுச் சொல் என்பது பலருக்குத் தெரியாது. ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன் மத்தியதரைக் கடலின் நடுவே, சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில் ஆண்ட கிறிஸ்தவ மன்னர்கள் தங்கள் கடற்படைத் தலைவருக்கு அமீர் என்று பட்டம் கொடுத்தார்கள். அங்கிருந்துதான் அது ஐரோப்பிய மொழிகளில் கடற்படைச் சொல்லாகப் பரவியது.

பொன்விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க்குழு கேட்டது. நம் ஊர்களின் வரலாற்றையும் கப்பலேறி வந்த முன்னோரின் வரலாற்றையும் எழுத மூத்தவர்கள் இருக்கிறார்கள். கடையும் கணக்குமாக இருக்கும் இளைய தலைமுறை வணிகர்களான நாங்கள் இந்தத் தீவு நகரத்தை எடுத்துக்கொண்டோம். பலெர்மோவை முஸ்லிம்கள் 240 ஆண்டுகள் ஆண்டார்கள். பிறகு மாற்றுச் சமயத்தவர் ஆட்சியில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அந்தத் தீவில் குடிமக்களாக வாழ்ந்தார்கள். பிறகு இல்லாமலே போனார்கள். இந்த மூன்று காலங்களிலும் வாழ்ந்த சில மனிதர்களை நம் குடும்பங்களுக்கு அறிமுகப்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நகரைக் காணாத காஜி

முதலாமவர் அஸத் இப்னுல் ஃபுராத் (ரஹ்). ஹர்ரானில் பிறந்து வட ஆப்பிரிக்காவில் வளர்ந்தவர். மதீனா சென்று இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் பாடம் கேட்டார். பிறகு இராக் சென்று இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவர்களான அபூ யூசுஃப், முஹம்மது அஷ்ஷைபானி ஆகியோரிடமும் கற்றார். இரண்டு மத்ஹபுகளின் மூலவர்களையும் நெருங்கி அறிந்த இவர் கைரவான் நகரின் காஜியானார்.

சிசிலி அப்போது பைசாந்தியப் பேரரசின் கையில் இருந்தது. அங்கே கலகம் செய்த யூஃபெமியுஸ் என்ற கடற்படைத் தளபதி, கைரவானை ஆண்ட அக்லபிய அமீரிடம் உதவி கேட்டு வந்தார். பைசாந்தியரோடு உடன்படிக்கை இருக்கும்போது படையெடுப்பது முறையா என்று அறிஞர்களிடையே விவாதம் நடந்தது. முடிவில் படை புறப்பட்டது. அமீர் அந்தப் படைக்குத் தலைவராகக் காஜி அஸதையே அமர்த்தினார். அப்போது அவருக்கு வயது எழுபதை நெருங்கியிருந்தது. தாம் இந்த இடத்துக்கு வந்தது எழுதுகோலால்தான், ஆகவே கல்வியைத் தேடுங்கள் என்று கப்பலேறும் முன் மக்களிடம் அவர் சொன்னதாகக் குறிப்புண்டு.

827 ஆம் ஆண்டு அவர் படை மஸாரா கரையில் இறங்கியது. அடுத்த ஆண்டே சிரகூஸ் நகர முற்றுகையின்போது அஸத் வபாத்தானார். பலெர்மோ 831 இல்தான் முஸ்லிம்கள் கைக்கு வந்தது. நகரத்தின் முஸ்லிம் வரலாற்றைத் தொடங்கிவைத்தவர் அந்த நகருக்குள் கால்வைக்கவே இல்லை.

வரிசைகளை எண்ணிய வணிகர்

அரபுகள் இந்நகரைப் 'பலர்ம்' என்று அழைத்தார்கள். 973 ஆம் ஆண்டு இப்னு ஹவ்கல் என்ற பயணி இங்கு வந்தார். இவர் வணிகராகவும் ஊர் ஊராகச் சுற்றியவர். ஆகவே எதைப் பார்த்தாலும் எண்ணிக் கணக்குப் போடுவார். இறைச்சிக் கடைகள் ஏறக்குறைய 150 என்று எழுதினார். ஒரு பெரிய பள்ளிவாசலில் தொழுகைக்கு 36 ஸஃப்புக்கு மேல் நின்றன, ஒரு ஸஃப்பில் 200 பேர் வரை, ஆக 7,000 பேருக்கு மேல் என்று கணக்கிட்டார். ஊரிலும் புறநகரிலுமாக 300 பள்ளிவாசல்களுக்கு மேல் இருப்பதாகவும் எழுதினார்.

இவ்வளவு பள்ளிவாசல்கள் எதற்கு என்று அவருக்கே வியப்பு. ஓர் அம்பு எய்யும் தூரத்துக்குள் பத்துப் பள்ளிவாசல்களைக் கண்டார். விசாரித்தபோது விடை கிடைத்தது. அவரவர் பெருமைக்காக, தன் குடும்பமும் தன் ஆட்களும் மட்டுமே தொழத் தனக்கென ஒரு பள்ளிவாசல் வேண்டும் என்று ஒவ்வொருவரும் கட்டிக்கொண்டார்களாம். ஒட்டிய வீடுகளில் வாழும் அண்ணன் தம்பிகள்கூட ஆளுக்கொன்று வைத்திருந்தார்களாம்.

இப்னு ஹவ்கல் பலெர்மோ மக்களைப் பற்றிக் கடுமையாகவே எழுதினார். பச்சை வெங்காயத்தை அதிகம் தின்று புத்தி மழுங்கிப் போனார்கள் என்றார். 300 ஓதிக்கொடுக்கும் ஆசிரியர்கள் இருப்பதற்குக் காரணம், ஆசிரியருக்குப் போர்க் கடமையிலிருந்து விலக்கு உண்டு என்பதே என்றார். இவற்றில் எரிச்சல் கொஞ்சம் தூக்கலாக இருக்கலாம். ஆனால் பள்ளிவாசல் விஷயத்தைப் படித்தபோது நாங்கள் சிரித்துவிட்டுப் பிறகு அமைதியானோம். ஊருக்கு ஒரு சங்கம், தெருவுக்கு ஒரு பிரிவு, ஒரே நாளில் எதிரெதிர் மண்டபங்களில் இரண்டு மீலாது விழா என்ற பேச்செல்லாம் நமக்கும் புதிதன்று.

ஒரு வீட்டுச் சண்டை

பத்தாம் நூற்றாண்டில் ஃபாத்திமிகளின் சார்பில் கல்பி அமீர்கள் சிசிலியை ஆண்டது நகரத்தின் செழிப்பான காலம். பதினோராம் நூற்றாண்டில் அந்த ஆட்சி உடைந்து, ஆளுக்கொரு கோட்டை என்று ஆயிற்று. இப்னுத் துமனா என்பவர் சிரகூஸையும் கத்தானியாவையும் வைத்திருந்தார். இப்னுல் ஹவ்வாஸ் என்பவர் தீவின் நடுப்பகுதியை வைத்திருந்தார். ஹவ்வாஸின் சகோதரி மைமூனாவைத் துமனா மணந்திருந்தார்.

ஒரு நாள் குடிபோதையில் மனைவியோடு சச்சரவிட்ட துமனா, அவருடைய கை நரம்புகளை அறுக்கச் செய்தார். மகன் ஓடிவந்து மருத்துவரை அழைத்துக் காப்பாற்றினார். பிழைத்த மைமூனா தாய்வீடு சென்றார். போதை தெளிந்து மன்னிப்புக் கேட்ட கணவரிடம் அவர் திரும்பிப் போகவில்லை. சகோதரரும் அனுப்ப மறுத்தார். இதிலிருந்து போர் மூண்டது. தோற்றுப்போன துமனா, இத்தாலியின் தென்முனையில் இருந்த நார்மன்களிடம் சென்று தீவைப் பிடித்துத் தருவதாகச் சொல்லி அழைத்துவந்தார். 1061 இல் நார்மன்கள் மெஸ்ஸினாவில் இறங்கினார்கள். 1072 ஜனவரியில் பலெர்மோ விழுந்தது. முன்பு தேவாலயமாக இருந்து பள்ளிவாசலான பெரிய பள்ளி மீண்டும் தேவாலயமாயிற்று.

நார்மன்கள் வர இன்னும் பல காரணங்கள் உண்டு. எனினும் வாசலைத் திறந்துவிட்டது நம்மவர் சண்டை. அதில் பழியை மைமூனாவின் மேல் போட யாராலும் முடியாது. அறுபட்ட கையோடு தாய்வீடு சென்றவர் அவர்.

மன்னரும் வரைபடமும்

வென்றவர்கள் முஸ்லிம்களை விரட்டவில்லை. சமயத்தையும் தங்கள் காஜிகளையும் வைத்துக்கொள்ள உடன்பட்டார்கள். வயலும் நீர்ப்பாசனமும் வரிக் கணக்கும் முஸ்லிம்கள் கையில் இருந்ததால் அவர்கள் இல்லாமல் ஆட்சி நடக்காது. அப்போது சிறுவனாயிருந்த இளவரசர் ரோஜருக்காக ஆட்சி செய்த அவர் தாய் அதலெய்ட் 1109 இல் அனுப்பிய ஓர் ஆணை பலெர்மோ ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. கிரேக்கத்திலும் அரபியிலும் எழுதப்பட்ட அதுதான் ஐரோப்பாவில் எஞ்சியுள்ள மிகப் பழைய காகித ஆவணம் என்கிறார்கள்.

அந்தச் சிறுவன் இரண்டாம் ரோஜராக 1130 ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் முடிசூடினார். ஹிஜ்ரி 528 என்று கூஃபி எழுத்தில் பொறித்த சிவப்புப் பட்டுப் போர்வை அவருக்காக அரண்மனைத் தறிக்கூடத்தில் செய்யப்பட்டது. ஒட்டகத்தை வீழ்த்தும் சிங்கங்களைப் பொன்னிழையில் தைத்த அந்தப் போர்வை இப்போது வியன்னாவில் இருக்கிறது. அவருடைய அரண்மனைத் தேவாலயத்தின் மரக்கூரையில் அரபு எழுத்துகள் உள்ளன. 1142 இல் அவர் வைத்த நீர்க் கடிகாரத்தின் கல்வெட்டு லத்தீன், கிரேக்கம், அரபு என மூன்று மொழிகளில் இருக்கிறது. 1149 இல் கிரிசாந்தோ என்ற பாதிரியார் தம் தாய் அன்னாவுக்கு வைத்த கல்லறைக் கல்லில் நான்கு எழுத்து வகைகள் உள்ளன. அரபுப் பகுதியில் ஹிஜ்ரி ஆண்டும் காணப்படுகிறது.

இந்த மன்னரின் கடற்படைத் தலைவர்தான் அந்தியோக்கியா ஜார்ஜ். அரபி நன்றாகத் தெரிந்த கிறிஸ்தவர். மஹ்தியா சுல்தானிடம் வேலை பார்த்துவிட்டு சிசிலிக்கு வந்தவர். 'அமீர்களின் அமீர்' என்பது அவர் பட்டம். அவர் பெயரில் வழங்கும் கல்பாலம் பலெர்மோவில் இன்னும் நிற்கிறது. ஆறுதான் வேறு பக்கம் திருப்பப்பட்டுவிட்டது. தமக்கு முன்பு சோறு போட்ட மஹ்தியாவையே 1148 இல் அவர் மன்னருக்காகப் பிடித்தார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

நகரின் பெருமக்களில் உலகமே அறிந்தவர் அல் இத்ரீஸி. நபி (ஸல்) அவர்களின் வழித்தோன்றலான இத்ரீஸி குலத்தைச் சேர்ந்த ஷரீஃப். ரோஜர் அழைத்ததன் பேரில் பலெர்மோ வந்தார். வேலை நடந்த முறை வணிகர்களுக்குப் பிடிக்கும். துறைமுகத்துக்கு வந்த பயணிகளையும் மாலுமிகளையும் வரவழைத்து, ஊர்களையும் தூரங்களையும் கேட்டார்கள். பலர் சொன்னது ஒத்துப்போனால் ஏற்றுக்கொண்டார்கள், முரண்பட்டால் ஒதுக்கினார்கள். இது ஏறக்குறைய 15 ஆண்டுகள் நடந்தது. முடிவில் பெரிய வெள்ளித் தகட்டில் உலகப் படத்தைப் பொறித்தார்கள். அதை விளக்க 70 பகுதிப் படங்களோடு அரபியில் ஒரு நூலும் எழுதப்பட்டது. 1154 ஜனவரியில் நூல் முடிந்தது. சில வாரங்களில் மன்னர் இறந்தார்.

அந்தப் படங்களில் தெற்கு மேலேயும் வடக்கு கீழேயும் இருக்கும். சரந்தீப் என்ற இலங்கையும், இந்தியாவும், சீனாவும் அதில் உண்டு. வெள்ளித் தகடு இன்று இல்லை. நூலின் கைப்பிரதிகள் பாரிஸிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் இருக்கின்றன. வெள்ளி தொலைந்து காகிதம் தங்கியது.

ஒரு ஃபத்வா

மாற்றுச் சமய மன்னர் நியமித்த காஜியின் தீர்ப்பு செல்லுமா? சிசிலி முஸ்லிம்களைப் பற்றி இந்தக் கேள்வி எழுந்தபோது விடை சொன்னவர் இமாம் அல் மாஸரி (ரஹ்). சிசிலியின் மஸாராவைப் பெயரில் தாங்கி, கடலுக்கு அக்கரையில் மஹ்தியாவில் வாழ்ந்து 1141 இல் வபாத்தானவர். ஸஹீஹ் முஸ்லிமுக்கு விரிவுரை எழுதிய மாலிக்கி மத்ஹப் அறிஞர். காஜி நேர்மையானவராக இருந்தால், நியமித்தவர் யார் என்பதால் தீர்ப்பு கெடாது, மக்களின் வழக்குகளைத் தீர்க்க ஒருவர் வேண்டும் என்பது அவர் விடையின் சாரம். அங்கே தங்கியிருப்பவர்களைப் பற்றித் தவறான எண்ணம் கொள்ளாமல், அவர்கள் நிலைமையை அறிந்து நல்லெண்ணம் வைக்கவேண்டும் என்பதும் அதில் உண்டு. சிறுபான்மையாக வாழும் நமக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கவேண்டும்.

நனைந்து வந்த ஹாஜி

ரோஜரின் அரண்மனையை மட்டும் பார்த்தால் எல்லாம் நன்றாக இருந்ததாகவே தோன்றும். மஹ்தியா ஃபிலிப் என்ற அரண்மனை அதிகாரியின் கதை வேறு. கிறிஸ்தவராக மாறியிருந்த இவர் மறைவாக இஸ்லாத்தையே பின்பற்றுகிறார் என்று குற்றம்சாட்டப்பட்டு, 1153 இல் அதே ரோஜரின் ஆட்சியில் எரித்துக் கொல்லப்பட்டார்.

1184 டிசம்பரில் கிரனாடாவைச் சேர்ந்த இப்னு ஜுபைர் ஹஜ்ஜை முடித்துத் திரும்பும் வழியில் மெஸ்ஸினா அருகே அவர் கப்பல் உடைந்தது. கரையேற்றக் கூலி கொடுக்க வழியில்லாத ஏழை முஸ்லிம்களுக்காக ரோஜரின் பேரன் மன்னர் இரண்டாம் வில்லியமே பணம் கொடுத்தார். ரமலான் மாதத்தில் பலெர்மோவை அடைந்த ஜுபைர், அங்கே பாங்கு ஒலிப்பதையும், கணக்கற்ற பள்ளிவாசல்களில் பிள்ளைகள் குர்ஆன் ஓதுவதையும், முஸ்லிம்களுக்குத் தனிக் காஜி இருப்பதையும் கண்டார். ஜும்ஆ குத்பாவுக்கு மட்டும் அனுமதி இல்லை. கிறிஸ்துமஸ் அன்று கிறிஸ்தவப் பெண்கள் பட்டுடுத்தி, முக்காடிட்டு, மருதாணி வைத்து, முஸ்லிம் பெண்களைப் போலவே தேவாலயம் சென்றதையும் எழுதினார்.

ஆனால் தனியே பேசியபோது மக்கள் வேறொன்று சொன்னார்கள். அரண்மனைச் சேவகர் ஒருவர், நீங்கள் ஈமானை வெளிப்படையாகக் காட்டலாம், நாங்கள் மறைக்கவேண்டியிருக்கிறது என்று கலங்கினார். தீவு முஸ்லிம்களின் தலைவரான அபுல் காசிம் இப்னு ஹம்மூத், சிறைப்பட்டவர்களை மீட்பதிலும் ஹாஜிகளுக்கு உதவுவதிலும் பேர்பெற்றவர். அயல்நாட்டு முஸ்லிம் அரசோடு தொடர்பு என்ற குற்றச்சாட்டில் அவர் சொத்துகள் பறிக்கப்பட்டன. 30,000 தீனாருக்கு மேல் பிடுங்கப்பட்டது. குடும்பத்தோடு அடிமையாக விற்கப்பட்டாவது முஸ்லிம் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்று அவர் சொன்னதைக் கேட்டு இப்னு ஜுபைர் அழுதார்.

திராபனி ஊரில் ஒரு தந்தை தம் கன்னிப் பெண்ணை ஹாஜிகளில் ஒருவருக்கு நிக்காஹ் செய்து கொடுக்க முன்வந்தார். சீர் எதுவும் கேட்கவேண்டாம், முஸ்லிம் நாட்டுக்கு அழைத்துப் போனால் போதும் என்றார். பெண்ணும் சம்மதித்தாள். மறுபடி பார்ப்போமா என்று தெரியாமல் பெற்ற மகளைக் கப்பலேற்றும் தந்தையின் மனதைப் பெண் பிள்ளைகளைப் பெற்ற நாம் எண்ணிப் பார்க்கலாம்.

லூசெரா

அவர் பயந்தது நடந்தது. 1189 இல் வில்லியம் இறந்ததும் பலெர்மோ முஸ்லிம்கள் தாக்கப்பட்டு மலைகளுக்கு ஓடினார்கள். பின்னர் வந்த பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக் பலெர்மோவிலேயே வளர்ந்தவர். அறிவியலில் நாட்டம் மிக்கவர். 1229 இல் எகிப்து சுல்தான் அல் காமிலோடு போரின்றி ஜெருசலேம் உடன்படிக்கை செய்தவர். அவரே மலைகளில் எதிர்த்து நின்ற சிசிலி முஸ்லிம்களை அடக்கி, 1220களிலிருந்து கூட்டம் கூட்டமாக இத்தாலியின் லூசெரா ஊருக்குப் பெயர்த்தார். அங்கே அவர்கள் தொழுதார்கள், பயிரிட்டார்கள், அவர் படையில் உண்மையாகச் சேவகம் செய்தார்கள். 1300 ஆம் ஆண்டு ஆகஸ்டில் இன்னொரு மன்னரான இரண்டாம் சார்ல்ஸ் லூசெராவை அழித்து, மக்களை அடிமைகளாக விற்றார். ஃபிரெடெரிக்கின் கல்லறை பலெர்மோ தேவாலயத்தில் இருக்கிறது. அதே தேவாலயத்தின் தெற்கு வாசல் தூண் ஒன்றில் சூரத்துல் அஃராஃபின் ஆயத்து ஒன்று இன்றும் பொறித்தபடி இருக்கிறது.

எழுதிவைத்தவர்

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும்? 1806 இல் பலெர்மோவில் பிறந்த மிக்கேலே அமாரி என்ற இத்தாலியரால் பெரும்பகுதி தெரியவந்தது. சிசிலியின் வரலாற்றைப் பற்றி அவர் 1842 இல் வெளியிட்ட நூல் அரசாங்கத்தின் கோபத்துக்கு ஆளாக, பாரிஸுக்குத் தப்பினார். அங்கே முப்பத்தைந்து வயதுக்கு மேல் அரபி கற்கத் தொடங்கினார். நூலகம் நூலகமாகக் கையெழுத்துப் பிரதிகளைத் தேடி, சிசிலியைப் பற்றி அரபியில் இருந்தவற்றைத் தொகுத்து 1857 இல் வெளியிட்டார். 1854 முதல் 1872 வரை சிசிலி முஸ்லிம்களின் வரலாற்றை எழுதி முடித்தார். இடையில் இத்தாலியின் கல்வி அமைச்சராகவும் இருந்தார்.

ஊர்ப் பெயர்களும் மிச்சமிருக்கின்றன. மிசில்மேரி என்பது மன்ஸிலுல் அமீர். ஸீஸா அரண்மனை அல் அஸீஸா. கால்ஸா பகுதி அல் காலிஸா. எள்ளுக்குச் சிசிலி மக்கள் இன்றும் சொல்லும் ஜுஜுலேனா அரபு ஜுல்ஜுலான். 2015 இல் அரபு நார்மன் பலெர்மோவின் கட்டடங்களை யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் மனிதர்கள்? மன்னர்களும் மார்க்க அறிஞர்களும் பயணிகளும்தான் பெயரோடு இருக்கிறார்கள். அந்த 7,000 பேர் வெறும் எண்ணிக்கை. திராபனிப் பெண்ணின் பெயரைக்கூட யாரும் எழுதவில்லை. அந்த மக்களின் கதை வழிப்போக்கரின் குறிப்பிலும், 600 ஆண்டுகள் கழித்து வந்த வேற்றுச் சமயத்தவரின் உழைப்பிலும்தான் தங்கியது.

இந்தக் கட்டுரைக்காகச் சங்கத்தின் பழைய சந்தா நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தோம். இனிஷியலும் ஊர் முதலெழுத்தும் தொகையும் மட்டுமே உள்ள வரிகள் பல. அவர் யார், எந்தக் கடையில் வேலை பார்த்தார், எங்கே அடக்கமானார் என்று சொல்ல ஆளில்லை. ரமலான் முழுவதும் நோன்புக் கஞ்சிக்கு அரிசி களைந்து கொடுத்த பெண்மக்களில் ஒருவர் பெயரும் இல்லை. ஐம்பது ஆண்டுகளிலேயே இப்படி.

ஆகவே ஒரு வேண்டுகோள். மலரைப் படித்து முடித்ததும் வீட்டில் உள்ள பெரியவர்களிடம் கேட்டு, உங்கள் அப்பா, வாப்பிச்சா, கண்ணும்மா என மூன்று தலைமுறைப் பெயர்களையும், பிறந்த ஊரையும், வந்த ஆண்டையும், பார்த்த தொழிலையும் ஒரு தாளில் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். பழைய படம் இருந்தால் நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம். எந்த ஊர்க்காரர், எந்தப் பிரிவு என்ற வேறுபாடு அந்தப் பதிவேட்டில் இருக்காது; எல்லோரும் ஒரே நோட்டில். நூற்றாண்டு மலரை எழுதப்போகும் நம் பேரப்பிள்ளைகளுக்கு அது கையிருப்பாக இருக்கும், இன்ஷா அல்லாஹ்.

மறைந்த நம் முன்னோர் அனைவரின் கப்ருகளையும் அல்லாஹ் ஒளியாக்கி வைப்பானாக. ஆமீன்.